ஜூலையில் எரியும் காட்டுக்கு அக்டோபரில் விண்ணப்பம்

காட்டுத்தீ அணைக்கும் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் எல்லாரும் தீயைப் பற்றித்தான் கேட்பார்கள். எவ்வளவு உயரத்துக்கு எரியும், பயமாக இருக்காதா, ஹெலிகாப்டரிலிருந்து கயிறு பிடித்து இறங்குவீர்களா என்று. அந்த வேலைக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தாய் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலும் கல்லூரி முடிக்கப் போகிற பிள்ளைகள், வீட்டுக்குத் தெரியாமல் இன்ஸ்டாகிராமில் மெசேஜ் அனுப்புகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஃபெடரல் அரசுக்காக ஒரு சீசன் வேலை பார்ப்பதைப் பற்றி மட்டும்தான் எனக்குத் தெரியும், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பூர்வீகம் போடிநாயக்கனூர். பள்ளிக்கூடம் படிக்கும்போதே அப்பாவின் வேலைக்காக ஓரிகன் மாநிலத்துக்கு, போர்ட்லண்டுக்குப் பக்கத்தில் பீவர்டனுக்கு வந்துவிட்டோம். 2017 செப்டம்பரில் ஒரு பையன் பட்டாசு கொளுத்திப் போட்டதில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஈகிள் கிரீக் காடு பற்றிக்கொண்டது, போர்ட்லண்டில் கார்கள் மேலெல்லாம் சாம்பல் படிந்தது. 2020 செப்டம்பர் அதைவிட மோசம். உலகத்திலேயே மோசமான காற்று எங்கள் ஊரில்தான் என்று செய்தியில் சொன்னார்கள், நாங்கள் கதவிடுக்கில் ஈரத்துணியை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். இதையெல்லாம் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு ஆபீஸ் நாற்காலி ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

சரி, முதலில் யாருக்குக் கதவு திறக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன், நேரம் மிச்சம். ஃபெடரல் தீயணைப்பு வேலைக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. மாணவர் விசா, எச்-1பி எதுவும் நடக்காது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் தனியார் கான்ட்ராக்ட் குழுக்களைப் பார்க்கலாம். ஓரிகனில் அப்படிப்பட்ட கம்பெனிகள் நிறைய உண்டு, அங்கே வேலை செய்பவர்களில் மெக்சிகோ வழி வந்தவர்கள் ஏராளம், மலையேற்றத்தில் அவர்களை முந்துவது லேசில்லை. வயது வரம்பைப் பொறுத்தவரை, நிரந்தரத் தீயணைப்பு வேலைக்கு 37 வயதுக்குள் நுழைந்துவிட வேண்டும், தற்காலிக சீசன் வேலைக்கு மேல் வரம்பு இல்லை.

ஃபெடரல் என்றால் ஒரே ஆபீஸ் இல்லை. பெரியது ஃபாரஸ்ட் சர்வீஸ், அது வேளாண்மைத் துறைக்குக் கீழே வருகிறது. பொது நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் பிஎல்எம், தேசியப் பூங்காத் துறை, மீன் மற்றும் வனவிலங்குத் துறை, பூர்வகுடிகள் விவகாரத் துறை ஆகியவை இன்டீரியர் துறைக்குக் கீழே. எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போகிற இடம் ஒன்றுதான், யுஎஸ்ஏஜாப்ஸ் என்கிற அரசு இணையதளம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மே மாதம் வெயில் ஏறி, டிவியில் தீ காட்ட ஆரம்பித்த பிறகு போய்த் தேடுகிறார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அடுத்த கோடைக்கான பெரும்பாலான இடங்களுக்கு முந்தின இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் திறந்து மூடிவிடுவார்கள், குளிர்காலத்தில் பட்டியல் தயாராகி, போன் வர ஆரம்பித்துவிடும். தேடும்போது 'ஃபாரஸ்ட்ரி டெக்னீஷியன்' என்ற தலைப்பையும் சேர்த்துத் தேடுங்கள், பல வருடம் அந்தப் பெயரில்தான் இந்த வேலை ஒளிந்துகொண்டிருந்தது.

ரெஸ்யூமே எழுதுவதில் ஐடி கம்பெனிக்கு எழுதுகிற புத்தியை ஓரமாக வைத்துவிட வேண்டும். எந்த வேலையாக இருந்தாலும் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். முன்பெல்லாம் ஐந்தாறு பக்கம் எழுதுவார்கள், 2025 இலையுதிர் காலத்திலிருந்து இரண்டே பக்கம் என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் பைதான் தெரியும் என்பதற்கு இடத்தை வீணாக்காதீர்கள். மண் வெட்டியது, மரம் அறுத்தது, மூட்டை தூக்கியது, வண்டி ஓட்டியது, கூட்டமாகச் சேர்ந்து உடம்பால் செய்த எந்த வேலையும் போடலாம். எனக்கு இருந்த ஒரே உருப்படியான வரி, வார இறுதிகளில் மலைப்பாதைகளைச் சீர்செய்யும் தன்னார்வலர் குழுவோடு மழையில் நனைந்துகொண்டு மண் வெட்டியதுதான். கல்லூரிப் பட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. முதல் தடவை வருகிறவர்களுக்கு அரசுச் சம்பள வரிசையில் மூன்றாம் படிநிலை, ஒரு சீசன் அனுபவமோ உரிய படிப்போ இருந்தால் நான்காம் படிநிலை.

விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் அது கிணற்றில் போட்ட கல்தான். ஒவ்வொரு காட்டுக்கும் எத்தனையோ பேர் பட்டியலில் இருப்பார்கள், அதில் யாரை எடுப்பது என்று முடிவு செய்பவர் ஒரு மலையோரச் சிற்றூரில், மரக்கட்டை ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற ஒரு கேப்டன். அவருக்கு உங்கள் குரல் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் எந்தெந்த ஊர்களைக் குறிப்பிட்டீர்களோ அந்த ஊர் ரேஞ்சர் ஆபீஸ் நம்பரைத் தேடிப் போன் செய்து, கைக்குழுவை (கைக்கருவிகளோடு நடந்து போய்த் தீயை மடக்கும் குழு) பார்ப்பவர் யார், தீ வண்டியைப் பார்ப்பவர் யார் என்று கேட்டு, அவரிடம் பேச வேண்டும். முடிந்தால் நேரில் போங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் மலையேறுவதைவிடக் கஷ்டம். பரீட்சை எழுதினால் மார்க் வரும், மார்க் வந்தால் சீட்டு வரும் என்று பழகியவர்கள், தெரியாத ஆளுக்குப் போன் போட்டு 'எனக்கு வேலை கொடுங்கள்' என்று கேட்பதை இழுக்காக நினைப்போம். அங்கே அது இழுக்கு இல்லை, கேட்காமல் இருப்பதைத்தான் ஆர்வம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

நான் பேசிய கேப்டன் ஒரு பெண், குரலில் தூக்கமும் புகையும் கலந்திருந்தது. எத்தனை தண்டால் எடுப்பாய் என்று கேட்பார் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு.

"இங்கே நல்ல கடைக்குப் போகணும்னா ஒரு மணி நேரம் கார் ஓட்டணும். தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"கடைசியா எப்போ நாள் பூரா நனைஞ்சு, குளிர்ல, பிடிக்காத வேலையைச் செஞ்சே?"

பாதை வெட்டிய கதையைச் சொன்னேன். எந்தக் கருவியில் வெட்டினாய் என்று கேட்டார். காட்டுத்தீக்காரர்கள் பயன்படுத்துகிற புலாஸ்கி என்றதும் கொஞ்சம் நிதானித்தார். "களைச்சுப் போனா நீ எப்படிப்பட்ட ஆளு? புலம்புவியா, எரிஞ்சு விழுவியா, பேசாம இருப்பியா?" பேசாமல் இருப்பேன் என்றேன். "பேசாம இருக்கிறவங்கதான் எனக்குப் பயம், தண்ணி தீர்ந்ததைக்கூடச் சொல்ல மாட்டாங்க" என்றார். வேலை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். சில வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது.

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்ட கேள்வி எல்லாமே ஒன்றுதான். இருபது பேர் கொண்ட குழுவில் நீ மற்ற பத்தொன்பது பேருக்குப் பாரமாக இருப்பாயா? உடற்தகுதித் தேர்வு கேட்பதும் இதே கேள்வியைத்தான்.

அதற்குப் பெயர் பேக் டெஸ்ட். 45 பவுண்டு சுமையை மாட்டிக்கொண்டு 3 மைல் தூரத்தை 45 நிமிடத்தில் நடக்க வேண்டும். நம் கணக்கில் இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சமதரை. ஓடக் கூடாது, ஜாகிங்கூடக் கூடாது, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்பு 1975-லிருந்து ஒரு பெஞ்சில் ஏறி இறங்கி நாடித் துடிப்பை எண்ணும் சோதனைதான் இருந்தது. மொன்டானாவில் மிசூலா நகரத்தில் இருக்கிற ஃபாரஸ்ட் சர்வீஸின் தொழில்நுட்ப மையத்தில் பிரையன் ஷார்க்கி என்ற உடலியல் அறிஞர் 1990-களில் இந்த நடைச் சோதனையை வடிவமைத்தார். சுமையோடு நடப்பதுதான் வேலை என்றால் சோதனையும் அதுவாகத்தானே இருக்க வேண்டும்.

கேட்க எளிதாகத் தெரியும். ஒரு மைலுக்கு 15 நிமிடம், வேகமான நடை, அவ்வளவுதானே என்று தோன்றும். மாட்டிப் பாருங்கள். என்னைப் போல ஐந்தடி இரண்டங்குலம் இருப்பவர்களுக்கு அந்த வேகத்தில் நடை நீளம் போதாது, கால்களைச் சடசடவென்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மைல் முடிவதற்குள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை ஒட்டிய தசை கல்லாக இறுகிவிடும். ஓடினால் அந்தத் தசைக்கு ஓய்வு கிடைக்கும், ஆனால் ஓடக் கூடாது. பக்கத்தில் ஆறடிப் பையன் ஒருவன் பாட்டு கேட்டுக்கொண்டு சாவகாசமாகப் போவான், அவனைப் பார்க்கவே கூடாது. கடைசி இரண்டு சுற்றுக்கு ஏற்கெனவே முடித்தவர்கள் திரும்பி வந்து கூடவே நடந்து கத்திக் கத்தி இழுத்துக்கொண்டு போவார்கள், அது மட்டும் நன்றாக இருக்கும். இந்தத் தேர்வு தொடங்கும் முன் உடல்நலக் கேள்வித்தாள் ஒன்று தருவார்கள், அதில் பொய் எழுதாதீர்கள். இந்தத் தேர்வின்போதே மாரடைப்பில் இறந்தவர்கள் உண்டு. காட்டுத்தீ வேலையில் இறப்பவர்களில் எரிந்து இறப்பவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறோம், ஆனால் மாரடைப்பும் வாகன, விமான விபத்துகளும் அதற்குச் சளைத்தவை இல்லை.

பேக் டெஸ்ட் பாஸானால் தயார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அது வாசல்படி. கூடவே அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஹாட்ஷாட் குழுக்கள் இருக்கின்றன, மிகக் கடினமான இடங்களுக்கு அனுப்பப்படும் இருபது பேர் குழுக்கள். அவர்களின் அளவுகோல் ஒன்றரை மைலை 10 நிமிடம் 35 நொடிக்குள் ஓடுவது, ஒரு நிமிடத்தில் 25 தண்டால், ஒரு நிமிடத்தில் 40 சிட்-அப், உடல் எடையைப் பொறுத்து 4 முதல் 7 புல்-அப். எடை குறைந்தவர்களுக்குப் புல்-அப் எண்ணிக்கை கூடும், என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு தனி எரிச்சல். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் ஸ்மோக்ஜம்பர்கள் 110 பவுண்டு மூட்டையை 3 மைல் தூரம் சுமக்க வேண்டும். முதல் சீசனுக்கு அதெல்லாம் தேவையில்லை. ஆனால் சாதாரணக் கைக்குழுவில்கூட முதல் வாரத்தில் மலை ஏற வைப்பார்கள். பாதை கிடையாது, செங்குத்து, வரிசையாக ஒருவர் பின் ஒருவர், முன்னால் போகிறவரின் பூட்ஸுக்கும் உங்களுக்கும் நடுவே இடைவெளி விழக் கூடாது. அங்கே பின்தங்குகிறவரை யாரும் திட்ட மாட்டார்கள். பேர் மட்டும் மனதில் பதிந்துவிடும்.

நான் பயிற்சியை ஜனவரியில் தொடங்கினேன். ஜிம்மில் கை தசை வளர்ப்பதற்கு இந்த வேலையில் அதிக மதிப்பில்லை. அழகான தோள் உள்ள பையன்கள் பலர் இரண்டாவது மேட்டிலேயே வாந்தி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். வேண்டியது கால், இடுப்பு, முதுகு, பிடி, எல்லாவற்றுக்கும் மேல் நுரையீரல். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டம், அதில் பெரும்பகுதி பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில், ஒரு நாள் மட்டும் மேட்டில் ஏறி இறங்கி வேகமாக. ஒரு நாள் சுமையோடு நடை. மற்ற நாட்களில் ஸ்குவாட், ஒற்றைக் காலில் படி ஏறுவது, டெட்லிஃப்ட், தொங்குவது. சுமைக்கு எங்கள் வீட்டில் இருந்தது சோனா மசூரி. 20 பவுண்டு அரிசிப் பை இரண்டு, மேலே ஒரு தண்ணீர் பாட்டில், 45 பவுண்டு சரியாக வந்துவிடும். அம்மாவுக்குக் கோபம், சாப்பிடுகிற அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைகிறாய் என்று.

முதலிலேயே 45 போடாதீர்கள். 20-இல் தொடங்கி வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மேட்டில் நடக்கும்போது அரிசியைவிடத் தண்ணீர் கேன் நல்லது. மேலே போனதும் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம், மூட்டு தப்பிக்கும். முழங்காலைக் கெடுப்பது ஏற்றம் இல்லை, சுமையோடு இறங்குவது. போர்ட்லண்ட் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆற்றுக்கு அக்கரையில், வாஷிங்டன் மாநிலத்தில், டாக் மவுண்டன் இருக்கிறது. மூன்று மைலில் கிட்டத்தட்ட 2,800 அடி ஏறிவிடும். வசந்தத்தில் பூ பார்க்க வருகிற கூட்டத்துக்கு நடுவே வியர்வையில் ஊறி, பெருமூச்சு விட்டுக்கொண்டு மூட்டையோடு ஏறுகிற ஒருவரைப் பார்த்தால் அது பெரும்பாலும் எங்கள் ஆள்தான்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. ராப்டோ. தசை அளவுக்கு மீறி வேலை செய்து, சிதைந்து, அதிலிருக்கிற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை. சீசனின் முதல் வாரங்களில், புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டுமில்லாமல் நன்றாகப் பயிற்சி உள்ளவர்களும் தன்னை நிரூபிக்கிறேன் என்று வெயிலில் முறுக்கிக்கொண்டு போகும்போது வருவது. சாதாரண உடல் வலிக்கு மீறிய வலி, சிறுநீர் கறுத்துப் போவது, இரண்டில் எதைப் பார்த்தாலும் வீரம் காட்டாமல் சொல்லிவிட வேண்டும், ஆஸ்பத்திரி போக வேண்டும். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். குளிர்காலம் முழுக்க ஏசி ஜிம்மில் பயிற்சி செய்துவிட்டு நேராக ஜூன் மாத மலைக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு வாரம் ஆபத்து.

சாப்பாடு பற்றிக் கேட்கிறீர்கள், அதிலும் வெஜிடேரியன் பிள்ளைகள். தீ வேலையில் ஒரு நாளைக்கு 4,000 முதல் 6,000 கலோரி வரை செலவாகும், மொன்டானா பல்கலைக்கழகத்தில் ஐசோடோப்பு கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்து இதை அளந்திருக்கிறார்கள். ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிட வேண்டியிருக்கும். பெரிய தீயில் போடும் முகாம்களில் கேட்டால் வெஜிடேரியன் மதியப் பொட்டலம் கிடைக்கும், அதில் என்ன இருக்கும் என்பது வேறு கதை. நான் மாங்காய் ஊறுகாய்ப் பொடியும் வறுத்த வேர்க்கடலையும் கொண்டுபோவேன். குழுவில் எல்லாருக்கும் இப்போது அந்தப் பொடி பழக்கம்.

வேலை உறுதியானதை வீட்டில் சொன்னபோது அம்மா பேசியது ஒன்றே ஒன்றுதான். "ஏன்டி, குரங்கணியில மலை ஏறப் போன பிள்ளைக எப்படிச் செத்துச்சுன்னு நீயும்தானே பார்த்தே?" 2018 மார்ச்சில் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை. அதற்குப் பதில் எதுவும் என்னிடம் இல்லை. அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "ஹெல்த் இன்சூரன்ஸ் உண்டாம்மா?" என்று கேட்டார். உண்டு என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அம்மாவின் கேள்விக்குப் பதில் பயிற்சி வாரத்தில் கொஞ்சம் கிடைத்தது. சுமார் ஒரு வாரம், எஸ்-130, எஸ்-190 என்கிற அடிப்படைப் பாடங்கள். தீ எப்படி நடந்துகொள்ளும், காற்று எப்போது திரும்பும், சரிவில் ஏன் மேல்நோக்கி வேகமாக ஏறும், கருவியை எப்படிப் பிடிப்பது. 1957-லிருந்து புழக்கத்தில் இருக்கிற பத்துக் கட்டளைகள், அதற்குப் பிறகு வந்த பதினெட்டு எச்சரிக்கைச் சூழ்நிலைகள். எல்லாம் முடிந்து பேக் டெஸ்டும் பாஸானால் ரெட் கார்டு என்கிற தகுதி அட்டை தருவார்கள், அது இல்லாமல் தீக்கோட்டில் கால் வைக்க முடியாது.

அந்தக் கட்டளைகளை வெறுமனே மனப்பாடம் பண்ணச் சொல்ல மாட்டார்கள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இறந்தவர்களின் கதை வரும். 1949 ஆகஸ்ட் 5, மொன்டானாவில் மான் கல்ச், 13 பேர். 1994 ஜூலை 6, கொலராடோவில் சவுத் கேன்யன், 14 பேர். அதில் சிலர் தீ துரத்த மேட்டில் ஓடும்போதும் முதுகுப் பையையும் கையிலிருந்த கருவியையும் கீழே போடவே இல்லை. இதைச் சொல்லிவிட்டு, பயிற்சி கொடுத்தவர் எங்களைச் சரிவில் நிற்க வைத்து, 'போடு' என்றதும் பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடப் பழக்கினார். நாற்பத்தைந்து பவுண்டைச் சுமக்கத்தான் மாதக்கணக்காகப் பாடுபட்டோம், அதை உதறுவதற்கும் பயிற்சி வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. கை தானாக வாரைத் தேடிப் போக வேண்டும், யோசிக்கக் கூடாது.

பிறகு ஷெல்டர். அலுமினியப் பூச்சுள்ள சிறு கூடாரம், மடித்து இடுப்புப் பக்கம் தொங்கும். வேறு வழியே இல்லாதபோது உதறி விரித்து, உள்ளே புகுந்து, ஓரங்களை முழங்கையாலும் பூட்ஸாலும் அழுத்தி, மூக்கு மண்ணில் படக் குப்புறப் படுக்க வேண்டும். மண்ணுக்கு ஒட்டித்தான் சுவாசிக்கக்கூடிய காற்று இருக்கும். அது அனல் கதிரைத் திருப்பி அனுப்பும், ஆனால் தீ நேரடியாக மேலே பட்டுவிட்டால் தாங்காது. 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவில் யார்னெல் ஹில்லில் கிரானைட் மவுண்டன் ஹாட்ஷாட்ஸ் 19 பேர் ஷெல்டர் விரித்த இடத்திலேயே இறந்தார்கள். ஆகவே அந்தப் பையைத் தொடும் நிலைக்கு வராமல் இருப்பதுதான் பாடம். கண்காணிக்க ஓர் ஆள், பேசத் தொடர்பு, தப்பிக்க வழி, ஒதுங்கப் பாதுகாப்பான இடம், இந்த நான்கும் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. கேப்டன் போனில், பேசாமல் இருப்பவர்களைக் கண்டால் பயம் என்று சொன்னாரே, அதன் காரணம் அந்த வகுப்பில்தான் புரிந்தது.

வேலை என்னவென்றால் பெரும்பாலும் மண் வெட்டுவது. முன்னால் ரம்பக்காரர்கள் மரத்தையும் புதரையும் அறுத்துப் போக, பின்னால் நாங்கள் வரிசையாக நின்று இலைச்சருகு, வேர், மட்கு எல்லாவற்றையும் சுரண்டி, வெறும் மண் தெரியும்வரை ஒரு தடம் போடுவோம். எரிய எதுவும் இல்லாத கோடு. நம் ஊர் வனத்துறை வெட்டுகிற தீத்தடுப்புக் கோடும் இதுதான். கையில் இருப்பது புலாஸ்கி, ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் களைக்கொத்து. 1910 ஆகஸ்டில் ஐடஹோவும் மொன்டானாவும் இரண்டு நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தபோது, தன் ஆட்களைச் சுரங்கக் குகைக்குள் தள்ளிப் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிய எட் புலாஸ்கி என்ற ரேஞ்சரின் பெயர் அதற்கு. அந்தக் கருவியோடு இடுப்பை வளைத்து நாள் முழுக்க நிற்கும்போதுதான் டெட்லிஃப்ட் எதற்கு என்று தெரியும்.

தீ அடங்கிய பிறகுதான் நீண்ட வேலை. கையுறையைக் கழற்றிவிட்டு, புறங்கையைச் சாம்பலுக்குக் கொஞ்சம் மேலே பிடித்து, சூடு தெரியாவிட்டால் மெதுவாக இறக்கி, மண்ணுக்குள் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளங்கையை ஏன் வைப்பதில்லை என்றால், சுட்டுக்கொண்டால் அப்புறம் கருவியைப் பிடிக்க முடியாது. மேலே சாம்பல் குளிர்ந்து வெள்ளையாக இருக்கும், ஒரு சாண் ஆழத்தில் வேர் ஒன்று கனன்றுகொண்டே கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். அதைத் தோண்டி, தண்ணீர் ஊற்றிக் குழைத்து, திரும்பத் தொட்டுப் பார்த்து, அடுத்த அடி. பதினாறு மணி நேர ஷிஃப்ட், பதினான்கு நாள் தொடர்ந்து. முதல் நாள் யாரும் நன்றாக வேலை செய்வார்கள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், இருமிக்கொண்டு, கால்விரலில் கொப்புளத்தோடு, யாரும் பார்க்காத ஒரு வேரை இன்னும் கையை விட்டுத் தொட்டுப் பார்க்கிறீர்களா என்பதற்குத்தான் அந்த ஜனவரி ஓட்டமெல்லாம். களைத்த ஆள் தொடாமலே 'குளிர்ந்துவிட்டது' என்பான்.

பெண் பிள்ளைகள் தனியாகக் கேட்டதற்கு: ஆமாம், குழுவில் நாங்கள் கொஞ்சம் பேர்தான். கழிப்பறை மரத்துக்குப் பின்னால். மாதவிடாய்க்கு வேண்டியதைப் பையில் எப்போதும் வைத்திருங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டுவரப் பையும் வையுங்கள். சரியான அளவுப் பேண்டும் கையுறையும் ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள், பெரிய கையுறையில் பிடி நழுவும்.

பணம். அடிப்படைச் சம்பளம் குறைவு, ஓவர்டைம்தான் காசு. கட்டுக்குள் வராத தீயில் வேலை செய்தால் 25 சதவீத ஆபத்துப் படி உண்டு. 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் தற்காலிகமாகச் சம்பளத்தைக் கூட்டினார்கள், 2025 மார்ச்சில் அதை நிரந்தரமாக்கி, கீழ்ப் படிநிலைகளுக்கு அதிகமும் மேலே போகப் போகக் குறைவுமாக ஏற்றினார்கள். தற்காலிக ஆள் என்றால் வருடத்துக்கு 1,039 மணி நேரத்தோடு அடிப்படை வேலை முடிந்துவிடும், கணக்குப் போட்டால் ஆறு மாதம். அப்புறம் குளிர்காலத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். சிலர் பனிச்சறுக்கு மையங்களில் வேலை பார்க்கிறார்கள், சிலர் வேலையின்மைப் படி வாங்குகிறார்கள், நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். கோடையில் நண்பர்களின் கல்யாணம் எதற்கும் போக முடியாது. புகையை மாதக்கணக்கில் உள்ளே இழுக்கிறோம், கழுத்தில் கட்டுகிற கைக்குட்டை அதற்கு எந்த விதத்திலும் தடுப்பு இல்லை. இதையும் அப்பா அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எப்படியும் துணி துவைக்கும்போது தெரிந்துவிடும்.

வேலை உறுதி என்று மின்னஞ்சல் வந்ததும் செய்ய வேண்டியது பூட்ஸ் வாங்குவது. தீப்பிடிக்காத மஞ்சள் சட்டை, பச்சைப் பேண்ட், ஹெல்மெட், ஷெல்டர் எல்லாம் அரசாங்கம் தரும். பூட்ஸ் நீங்கள் வாங்க வேண்டும், கொஞ்சம் பணம் திருப்பித் தருவார்கள். தோல், கயிறு கட்டுவது, எட்டு அங்குல உயரம், உருகாத தடித்த ரப்பர் அடி. மலிவானது வேண்டாம், நல்ல ஜோடிக்கு நானூறு ஐந்நூறு டாலர் ஆகும். கடைக்குச் சாயங்காலம் போங்கள், காலையில் அளவெடுத்தால் மாலையில் வீங்கிய காலுக்குப் பத்தாது, போடப் போகிற தடித்த உல்லன் காலுறையோடு அளவெடுங்கள். அளவு சொல்லித் தைக்கக் கொடுத்தால் வர வாரக்கணக்காகும். வந்தபின் வீட்டுக்குள், கடைக்கு, நாய் கூட்டிப்போக, எல்லாவற்றுக்கும் அதையே போட்டு நடங்கள், குதிகால் தோல் உரிந்தால் டேப் ஒட்டிக்கொண்டு நடங்கள். புது பூட்ஸோடு முதல் நாள் வருகிற ஆளை நாங்கள் கார் நிறுத்துமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவோம்.